கரிகாலன் கொலை: கல்லும் கதையும் கற்போர் ஊகமும்

1. வினா எழுந்த சூழல்

கதை முடிந்த பின்னரும் முடிவுறாத வினாக்கள் சிலவற்றைச் சில நூல்கள் கற்போர் உள்ளத்தில் விட்டுச் செல்கின்றன. தமிழில் அத்தகைய நூல்களுள் தலையாயது கல்கியின் பொன்னியின் செல்வன். 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் கிழமைதோறும் வெளிவந்த இப்புதினம் ஐந்து பாகங்களாக விரிந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினா அதன் நடுவே நிற்கின்றது. கதை நிறைவெய்தி எழுபது ஆண்டுகள் கடந்தும் அவ்வினா தணிந்திலது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்கள் அதற்குப் புத்துயிர் அளித்தன. இவ்வினாவுக்குக் கற்போர் கூறும் விடைகளை வகைப்படுத்தி, அவற்றுள் எவை எத்தகைய சான்றை வேண்டி நிற்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஆரணியில் முதிய பட்டு நெசவாளர் ஒருவர் எழுப்பிய வினாவாகும். இளமையில் தறிக்கூடத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் குழித்தறியில் அமர்ந்து நாடா ஓட்டியவாறே இக்கதையைக் கேட்டனர் என்றும், அடுத்த இதழ் வரும் வரை ஒவ்வொருவரும் ஒவ்வொருவர்மேல் குற்றம் சுமத்தி வழக்காடினர் என்றும் அவர் கூறினார். கூறியவர் இறுதியில் கேட்டது இது: “ஐயா, சம்புவராயர் எங்கள் பக்கத்துப் படைவீட்டில் ஆண்டவர் ஆயிற்றே. அவர் மாளிகையில் இளவரசர் கொலையுண்டார் என்பது கல்லில் உள்ளதா, கதையில் மட்டும் உள்ளதா?” பல்லாண்டு நூல் பயின்றோரும் கேட்க மறந்த வினா இது. ஊகங்கள் அனைத்தையும் ஆராயுமுன் தீர்க்க வேண்டுவதும் இதுவே.

2. விடையிலாக் கதைகள் மூவகை

முடிவு காணாப் புதிர்களைக் கொண்ட புதினங்கள் பிற மொழிகளிலும் உண்டு. ஆங்கிலப் புதின ஆசிரியர் டிக்கன்சு 1870-இல் இறந்தபோது எட்வின் ட்ரூடின் புதிர் என்னும் கதை பாதியில் நின்றது. ட்ரூட் கொலையுண்டானா, கொன்றவர் யார் என்பதை முடிவு செய்ய 1914-இல் இலண்டனில் ஒரு போலி நீதிமன்றமே கூட்டினர். செசுட்டர்ட்டன் நடுவராகவும் பெர்னார்டு சா முறைகாண் குழுவின் தலைவராகவும் அமர்ந்தனர். அண்மைக் காலத்தில் சார்ச்சு மார்ட்டின் என்பார் 1996 முதல் எழுதிவந்த கற்பனை வரலாற்றுத் தொடரில், இளைஞன் ஒருவனின் தாய் யார் என்பது பற்றிக் கற்போர் ஆண்டுக்கணக்காக ஊகங்களை வளர்த்தனர்.

முன்னதில் ஆசிரியரின் இறப்பு விடையை மறைத்தது. பின்னதில் தொடர் முற்றுப்பெறாமை ஊகத்துக்கு இடந்தந்தது. பொன்னியின் செல்வன் இவ்விரண்டினும் வேறானது. ஆசிரியர் கதையைத் தம் கையாலேயே முடித்தார். கற்போர் வினாக்களை ஏற்று முடிவுரை ஒன்றும் வரைந்து, கதைமாந்தரின் பின்வரலாற்றைச் சுருங்க உரைத்தார். அவ்வாறிருந்தும் கொலைப் புதிர் ஐயத்துக்கு இடனாகவே நிற்கின்றது. இதற்குக் காரணம் கதையின் அடியில் கிடக்கும் கல்வெட்டேயாம்.

3. கல் கூறுவதும் கூறாததும்

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அவன் அரியணை ஏறியது 985-இல் ஆதலின், இஃது ஏறத்தாழ 987-ஐச் சார்ந்தது. எபிகிராபியா இண்டிகாவில் நீலகண்ட சாத்திரியார் இதனைப் பதிப்பித்தார். பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சிலரைக் குறித்து, அவர்தம் உறவினர் உடைமைகளைப் பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு விடுத்த அரச ஆணையை இது சுட்டுகின்றது. சோமன், அவன் தம்பியாகிய பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்னும் பரமேசுவரன் ஆகியோர் பெயர்கள் இதில் உள.

பட்டப்பெயர்கள் இரண்டும் கருதத்தக்கன. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். இருமுடிச்சோழன் என்பது சோழர்க்குரியது. உடன்பிறந்தோருள் ஒருவன் பாண்டியச் சார்பான பட்டமும் மற்றொருவன் சோழச் சார்பான பட்டமும் தாங்கியிருத்தலின், வீரபாண்டியன் தலையைக் கொய்ததற்குப் பழிவாங்கல் எனக் கூறுவோர்க்கும், சோழர் அரண்மனைக்குள்ளேயே விளைந்த சூழ்ச்சி எனக் கூறுவோர்க்கும் இக்கல் ஒருசேர இடந்தருகின்றது.

கல் கூறாதனவோ பல. கொலை எங்கு நிகழ்ந்தது என்று கூறவில்லை. ஏன் நிகழ்ந்தது என்று கூறவில்லை. ஏவியவர் உளரா என்றும் கூறவில்லை. நிலம் பற்றிய ஆவணம் ஆதலின் நிலத்துக்கு வேண்டுவனவற்றையே கூறி அமைகின்றது. இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ கரிகாலன் விண்ணுலகு காண விழைந்து மறைந்தான் எனப் புனைந்துரைத்துக் கொலையென்னும் சொல்லையே தவிர்க்கின்றன.

4. கல்கி நெய்த முறை

பொன்னியின் செல்வன் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகின்றது. கல்வெட்டில் வரும் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலமும் அவ்வேரியைச் சார்ந்ததே. வந்தியத்தேவன் அன்றிரவு தங்கும் கடம்பூரும் அதற்கு அணித்தே உள்ளது. கரிகாலன் உயிர்நீப்பது அக்கடம்பூர் மாளிகையிலேயே. ஆகவே, துரோகிகளின் நிலம் கிடந்த வட்டாரத்தையே கொலை நிகழ்ந்த வட்டாரமாகவும் ஆசிரியர் அமைத்துக்கொண்டார் என்பது விளங்கும். கல்லின் இடம் கதையின் இடமாயிற்று. எனினும் கல் அவ்வாறு கூறிற்றென்பதன்று.

இனிச் சம்புவராயர் பற்றிய வினாவுக்கு வருவோம். வரலாற்றில் நன்கறியப்படும் சம்புவராயர் பிற்காலச் சோழர்க்கு அடங்கிய குறுநில மன்னராய் வடபகுதியில் வளர்ந்து, 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் தனியரசு செலுத்தியவர். ஆரணிக்கு மேற்கேயுள்ள படைவீடு அவர்தம் தலைநகர். கரிகாலன் மறைந்ததோ பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். உடையார்குடிக் கல்வெட்டில் சம்புவராயர் எவரும் துரோகியாகக் குறிக்கப்படவில்லை. புகழ்பெற்ற குடிப்பெயர் ஒன்றை எடுத்து, காலமும் இடமும் மாற்றி, கடம்பூர் மாளிகைக்கு உரியவராக்கினார் கல்கி. இது புதின ஆசிரியர்க்குரிய உரிமை. யாம் அம்முதியவர்க்கு உரைத்த விடையும் இதுவே: “பெரியவரே, கல்லில் இல்லை, அம்மாளிகை கதையில் கட்டிய மாளிகை.”

5. ஊகங்களின் இருவேறு நிலை

கற்போர் கூறும் விடைகள் பல்கிக் கிடப்பினும் அவற்றை இரண்டாகப் பகுக்கலாம். கதைக்குள் நின்று கூறுவன ஒருவகை. கதையைக் கடந்து வரலாற்று மாந்தர்மேல் கூறுவன மற்றொரு வகை.

முதல் வகையில் நான்கு விடைகள் சிறந்தன. இரவிதாசன் கூட்டத்தார் கொன்றனர் என்பது ஒன்று. மீன் இலச்சினை பொறித்த வாளைப் போற்றி வந்த நந்தினி கொன்றாள் என்பது இரண்டு. காளாமுகர் கோலத்தில் வந்த பெரிய பழுவேட்டரையர் கை எறிந்த கத்தி பட்டது என்பது மூன்று. வாழ்வில் வெறுப்புற்ற கரிகாலன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்பது நான்கு. இவை ஒவ்வொன்றுக்கும் நூலினுள்ளேயே சான்று உண்டு, மறுப்பும் உண்டு. விளக்கு அணைந்த இருளில் நிகழ்ச்சி நடைபெறுகின்றது. பிணத்தருகே கிடந்த வந்தியத்தேவன்மேல் பழி விழுகின்றது. அவனைக் காக்கும் பொருட்டு மணிமேகலை கொலையைத் தானே செய்ததாகச் சொல்கின்றாள். பழுவேட்டரையரும் குற்றத்தைத் தம்மேல் ஏற்கின்றார். ஒரு கொலைக்கு ஒருவர்க்கு மேற்பட்டோர் உடன்பட்டு நிற்கும்போது, உடன்பாடு தானும் சான்றாகும் வன்மையை இழந்துவிடுகின்றது. கல்கியின் திறம் இதுவேயாம். விடையை ஒளித்துவைக்காமல் விடைகளை மிகுவித்து, உண்மையை அவற்றிடையே கரையவிட்டார்.

இவ்வகை ஊகங்களை நெறிப்படுத்த நம் உரையாசிரியர் வகுத்த முறையே போதியது. முன்பின் இயைபு நோக்குதல், நூலாசிரியர் சொல்லாததை ஏற்றாமை, ஓரிடத்துக்குப் பொருந்தும் பொருள் பிறிதோரிடத்தொடு முரணாமை காத்தல் என்னும் மூன்றும் உரைகாண்பார்க்குரிய கடமைகள். இம்மூன்றுக்கும் உட்பட்டுக் கூறுவார் எவர்மேல் குற்றஞ்சாற்றினும் தீங்கில்லை, குற்றஞ்சாற்றப்படுவோர் கதைமாந்தரே.

6. வரலாற்று மாந்தர்மேல் ஏற்றும் பழி

இரண்டாம் வகை அத்தகையதன்று. உத்தம சோழன் அரியணை வேண்டிக் கொலைக்கு உடன்பட்டான் என்பது அவற்றுள் பழமையானது. கொலைக்குப் பின் பதினைந்து ஆண்டுகள் கழிந்தும், இராசராசன் காலத்தில்தான் உடைமை பற்றிய ஆணை காணப்படுதலின் நீலகண்ட சாத்திரியார் உத்தமன்மேல் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். குற்றவாளிகள் முன்னரே தண்டிக்கப்பெற்று, எஞ்சிய உடைமை பற்றிய நடவடிக்கையே பின்னர் நிகழ்ந்திருத்தல் கூடும். மேலும், இராசராசன் தன் மகனுக்கு உத்தமனின் பெயராகிய மதுராந்தகன் என்பதையே சூட்டினான். தமையனைக் கொன்றவன் பெயரை மகனுக்கு இடுவார் உளரோ?

ஈண்டுக் கல்கி செய்த மாற்றம் நுணுகி நோக்கத்தக்கது. கதையில் மதுராந்தகன் என வளர்ந்தவன் செம்பியன் மாதேவியின் உண்மை மகன் அல்லன். அவன் பாண்டியச் சூழ்ச்சியாளரொடு சேர்ந்து அமரபுயங்கனாகின்றான். அரியணை ஏறும் உத்தம சோழனோ சிவத்தொண்டில் திளைத்த சேந்தன் அமுதன். ஒருவனை இருவராக்கியதால், ஐயத்தின் நிழல் படிந்த பெயர் ஒருவனோடு போக, ஆட்சி புரிந்த பெயர் பழியின்றி நின்றது. வரலாற்று அறிஞர் இருவரும் பட்ட முரணைப் புதின ஆசிரியர் கதையமைப்பாலேயே தீர்த்துக்கொண்டார் எனக் கருதுதல் தகும். ஆதலின், புதினத்தைச் சான்று காட்டி உத்தமனைக் குற்றவாளியாக்குவோர் அப்புதினத்தையே பிழைபடக் கற்றோர் ஆவர்.

பிற்காலத்தே சிலர் குந்தவையையும் அருள்மொழியையுமே குறித்தனர். தம்பி நாடாள வேண்டித் தமக்கை தமையனைத் தொலைத்தாள் என்பது அவர் கூற்று. இதற்குக் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ ஒரு சொல்லும் இல்லை. கொலையால் பயன்பெற்றோர் யார் என வினவி விடை காண முயல்கின்றனர். கரிகாலன் மறைந்தவுடன் அருள்மொழி அரசனாகவில்லை, உத்தமனே ஆண்டான். இராசராசனின் ஆணையை எடுத்துக்காட்டினால், பழியை மறைக்கவே அவ்வாணை பிறந்தது என்கின்றனர். சான்று உண்டெனினும் குற்றம், இல்லையெனினும் குற்றம் என்னும் வாதம் எதனாலும் மறுக்கப்படாதது. ஆகவே எதனையும் நிறுவாதது.

ஆரணியிலிருந்து போளூர் செல்லும் வழிப்பக்கம் வடமாதிமங்கலத்தை அடுத்துத் திருமலை என்னும் சமணக் குன்று உள்ளது. அங்குக் குந்தவையின் பெயரால் விளங்கும் குந்தவை சினாலயமும், இராசேந்திரனின் வெற்றிகளைப் பாடும் பாறைக் கல்வெட்டும் உள. எம் மாணாக்கருள் ஒருவர் இதனைச் சுட்டி, இத்தகைய அறம் செய்த பெருமாட்டி கொலைக்கு இசைவாளா என வினவினார். அன்பினால் எழுந்த வினா எனினும் அதுவும் ஏற்கத்தக்கதன்று. அறம் செய்தமை குற்றமின்மைக்குச் சான்றாகாது. பயன் பெற்றமை குற்றத்துக்குச் சான்றாகாது. சான்றில்லாத இடத்தில் பழியும் கூறற்க. புகழால் விடுவித்தலும் செய்யற்க. அமைதி காப்பதே ஆராய்ச்சி நெறி.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்தன சில. கரிகாலன் கொலையுண்டமையும், துரோகிகளாகச் சிலர் குறிக்கப்பெற்றமையும் கல்வெட்டால் அறியப்படும் செய்திகள். கடம்பூர் மாளிகையும் சம்புவராயரும் நந்தினியின் வாளும் கதையின்பாற்பட்டன. கதையைப் பற்றிய ஊகத்துக்குக் கதையே சான்று; வரலாற்றைப் பற்றிய ஊகத்துக்குக் கல்லும் செப்பேடுமே சான்று. ஒன்றன் சான்றை மற்றொன்றுக்குக் கொள்ளுதல் வழுவாகும்.

பாவும் ஊடையும் கூடியே புடைவையாகின்றது. உடுத்துவார் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுவதும் இல்லை. ஆயின் நெய்பவர்க்கு எது பாவு, எது ஊடை என்பது எப்போதும் தெரிந்திருக்கும். அம்முதியவர் கேட்டதும் அதுவே. தம் ஊர்ப்பக்கத்து அரசர்மேல் படிந்த பழி கல்லிலிருந்து வந்ததன்று எனக் கேட்டபின், “அப்படியானால் கதையை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்கலாம்” என்று கூறி அவர் தறிக்குத் திரும்பினார். வரலாறு பயில்வார்க்கு வேண்டிய தெளிவும் கதை பயில்வார்க்கு வேண்டிய சுவையும் ஒருங்கே அமைந்தமையை அவ்விடையிற் கண்டோம்.