முதுகு காட்டாமல் நடப்போம்

ஐதராபாத் ஜூபிலி ஹில்ஸில் உள்ள காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள நடைபாதையில், பொழுது புலர்வதற்கு முன்பே ஆள்நடமாட்டம் தொடங்கிவிடும். முதியோர் நடக்கின்றனர், ஆகஸ்டு மாத மாரத்தானுக்குப் பயிற்சி பெறுவோர் ஓடுகின்றனர். அந்தப் பாதையில் வாகனப் பயம் இல்லை. வீட்டு வாசலிலிருந்து அதைச் சென்றடையும் வரையுள்ள குடியிருப்புச் சாலைகளில்தான் ஆபத்து காத்திருக்கிறது.

2023 ஜூலையில், நகரையொட்டிய பண்ட்லகூடா ஜாகீரில் காலை நடைக்குச் சென்ற பெண்கள் மீது வேகமாக வந்த கார் மோதியதில் தாயும் மகளும் உயிரிழந்தனர். இத்தகைய இழப்பு அரிதானதன்று. 2022-ஆம் ஆண்டில் நாடெங்கும் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர்.

ஓட்டுநரின் வேகம் நம் கையில் இல்லை. நாம் நடக்கும் பக்கம் நம் கையில் உள்ளது. 'இடப்பக்கம் செல்' என்று பள்ளியில் படித்தோம். அது வாகனங்களுக்குரிய விதி. நடைமேடை இல்லாத சாலையில் இடது ஓரமாக நடப்பவர், பின்னால் வரும் வாகனத்துக்கு முதுகைக் காட்டுகிறார். வலது ஓரமாக நடந்தால் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டரைக் கடக்கிறது. முன்கூட்டிப் பார்த்தவருக்கே ஒதுங்க அவகாசம் கிடைக்கும்.

இதை நானும் தாமதமாகவே கற்றேன். காதில் பாட்டுக் கேட்டபடி இடது ஓரமாக ஓடிய ஒரு காலையில், பால் வண்டியின் பக்கக் கண்ணாடி என் முழங்கையை உரசிச் சென்றது. அன்று முதல் வலது ஓரம், வெளிர்நிற உடை, காதில் ஒன்றுமில்லை. சாலை வலப்புறம் திரும்பும் வளைவில் எதிரே வருவது மறைந்துவிடும். அங்கு மட்டும் மறுபக்கம் மாறிக்கொள்கிறேன். நண்பர்களோடு சென்றால் ஒருவர் பின் ஒருவராகச் செல்கிறோம்.

நடைமேடை கேட்பதும் நம் உரிமையே. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைமேடை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. வீட்டு வாசலில் கார் ஏறுவதற்காக நடைமேடையை மறித்துச் சாய்தளம் கட்டும் நாமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வங்கி அலுவலன் என்ற முறையில் இன்னும் ஒன்று. பிரதமரின் சுரக்‌ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்குதாரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரலாம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இதற்கான பிடித்தம் பாஸ்புக்கில் இருந்தும், காப்பீடு இருப்பதையே அறியாத குடும்பத்தினரைக் கவுண்ட்டரில் பலமுறை கண்டிருக்கிறேன். இன்றிரவே உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள். நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்று கிளையில் சரிபாருங்கள். நாளைக் காலை புறப்படும்போது, சாலையின் வலது ஓரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.