அலை உடையாத இடம்

நெய்தற்றிணையை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். தொல்காப்பியர் அத்திணைக்கு வருணனைத் தெய்வமாக வகுத்தமையையும், எற்பாடு என்பது மாலையா காலையா என்பதில் அறிஞர் கொண்ட வேறுபாட்டையும் மாணாக்கர் கண்ணயருமளவும் விரித்துரைத்ததுண்டு. ஆயினும், கடலை நோக்கி 'இது குளிக்கத் தக்க இடம், இது தகாத இடம்' என்று பிரித்தறியும் அறிவு எனக்கு நாற்பத்தேழாவது வயது வரையில் வாய்த்திலது. அதனை எனக்குக் கற்பித்தது கல்லடிக் கடல். அதற்கு நான் கொடுக்கவிருந்த விலை பிறரொருவருடைய மகனின் உயிர்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்து கிழக்கே செல்வோர், 1924 ஆம் ஆண்டின் பழைய பாலத்தையும் 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தையும் அருகருகே காண்பர். பாலத்துக்கப்பால் உள்ளது ஒடுங்கிய நிலம். ஒருபுறம் அசையாத வாவி. மறுபுறம் வங்கக் கடல். மீன் பாடுமென்று கேட்டு நிலாக்காலத்திற் பாலத்தடிக்கு வருவோர், அந்த அமைதியை மனத்திற் சுமந்துகொண்டே கடற்கரைக்கும் நடந்து விடுகின்றனர். நாங்களும் அவ்வாறே சென்றோம். 2004 டிசெம்பர் 26 இல் அக்கரையைச் சுனாமி அழித்ததை அறியாதார் எம்முள் எவருமிலர். ஆனால் அந்தப் பேரலையின் நினைவே மற்றொரு மயக்கத்தையும் தந்திருந்தது. கடல் கொல்வதாயின் மலைபோல எழுந்து வந்துதான் கொல்லும் என்று எண்ணியிருந்தோம்.

அது 2014 ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசி. வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் தொடங்காத நாள்கள். மாணாக்கர் பதினெண்மர் என்னுடன் வந்திருந்தனர். கரையோரம் நெடுக அலைகள் வெண்ணுரை சிந்தி உடைந்துகொண்டிருந்தன. அவற்றிடையே பத்துப் பன்னிரண்டு பாகம் அகலமுள்ள ஓரிடத்தில் மட்டும் அலை உடையவில்லை. நீர் சற்றே கரும்பச்சையாய், வழுவழுப்பாய், வாவியின் ஒரு துண்டை வெட்டி வைத்தாற்போலத் தோன்றிற்று. "அவ்விடத்தில் இறங்குங்கள், அங்கேதான் அலையில்லை" என்று கைநீட்டிச் சுட்டியவன் நானே. இதனை மறைத்து எழுதுவதாயின் இக்கட்டுரையை எழுதவே வேண்டியதில்லை.

முதலில் இறங்கியவன் நன்றாக நீந்தத் தெரிந்தவன். ஊர்க்குளத்தில் நீந்தி வளர்ந்தவன். மார்பளவு நீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீண்டும் பார்த்தபோது அவன் தலை தொலைவிற் சிறிதாகத் தெரிந்தது. கரையை நோக்கி முழுவலிமையோடும் கையடித்தான். அடிக்க அடிக்கப் பின்னே போனான். இரண்டு மாணாக்கர் அவனைப் பிடித்துவரப் பாய முற்பட்டனர்.

சற்றுத் தெற்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுள் முதியவர் ஒருவர் ஓடிவந்து, முதலில் அவ்விருவரையும் கையாற் றடுத்தார். பின்பு கடலை நோக்கி, "மனே! கரைக்கு வராத! வடக்கால போ, வடக்கால!" என்று கூவி, தோளிற் கிடந்த துண்டை வடக்குப் பக்கமாக வீசி வீசிக் காட்டினார். அலை இரைச்சலில் அவர் குரல் எட்டியதோ, துண்டுதான் கண்ணிற் பட்டதோ, அறியேன். பையன் கரையை விட்டுத் திரும்பிப் பக்கவாட்டில் நீந்தினான். சிறிது பொழுதில் அவன் வெண்ணுரைக்குள் அகப்பட்டான்; அலைகள் அவனை உருட்டி உருட்டிக் கரைக்குத் தள்ளின. மிதவை கட்டிய கயிற்றை எறிந்து அவனை இழுத்தெடுத்தனர். அவன் உப்புநீர் கக்கியதைப் பார்த்த பின்னரே எனக்குக் கால் நடுங்கத் தொடங்கியது.

மறுநாட் காலை அம்முதியவரைத் தேடிச் சென்றேன். அவர் என்னைக் கரைமேட்டில் நிறுத்திக் கடலைக் காட்டினார். "ஐயா, அலை உடையிறது மேட்டில. உடையாத இடம் பள்ளம். கரையில ஏறின தண்ணி எல்லாம் அந்தப் பள்ளத்தாலதான் திரும்பிப் போகும்" என்றார்.

கடலியலார் நூல்களிற் பின்பு நான் படித்தவையெல்லாம் இம்மூன்று வாக்கியங்களின் விரிவே. கடலடியில் மணல் திட்டுத் திட்டாய்க் கிடக்கும். திட்டின்மீது உடைந்த அலைநீர் கரையோரம் சேரும். சேர்ந்த நீர் திட்டுகளிடையே உள்ள ஒடுங்கிய வாயைத் தேடிக் கடலுக்கு மீளும். அவ்வோட்டம் சிலபோது விநாடிக்கு இரண்டு மீற்றருக்கும் மேற்பட விரையும். அதனை எதிர்த்துக் கரைசேரத் தேர்ந்த நீச்சல்காரராலும் இயலாது. அது ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டு செல்வது மட்டுமே. அலை உடையும் எல்லைக்கப்பால் அதன் வேகமும் தளர்ந்துவிடும். மாள்பவர் பெரும்பாலும் எதிர்த்து நீந்திக் களைத்தே மாள்கின்றனர். ஆகவே அகப்பட்டவர் மிதந்து, கையுயர்த்தி, கரைக்கு இணையாக நுரை தெரியும் பக்கம் ஒதுங்க வேண்டும். கரையில் நிற்பவரோ பாயாமல் மிதக்கும் பொருளொன்றை எறிய வேண்டும்; மூடியிட்ட வெறும் பிளாஸ்டிக் கலனும் போதும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். உயிர்காப்பாளர் பணியிலுள்ள கரையாயின் அவர் பார்வைக்குட்பட்ட இடத்திலன்றி இறங்கலாகாது.

ஆசிரியர்களுக்குச் சிறப்பாக ஒன்று கூற வேண்டும். நம்முடைய பாடசாலைச் சுற்றுலாக்கள் விடுமுறையைப் பார்த்து அமைகின்றனவேயன்றிக் காற்றைப் பார்த்து அமைவதில்லை. டிசெம்பர் விடுமுறையிற் கிழக்குக் கரைக்குப் பிள்ளைகளைக் கொண்டுசெல்வது, வாடை கடலைக் கலக்கும் காலத்திற் கொண்டுசெல்வதாகும். ஓகஸ்ட் விடுமுறையில் கிழக்கு அடங்கியிருக்கும். அப்போது காலியும் ஹிக்கடுவையும் சோளகத்தாற் கொந்தளிக்கும். எந்தப் பருவமாயினும் வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இறங்குதல் தகாது. மழைவெள்ளம் வடியுங் காலத்தில் அவ்விடத்து இழுப்பு மிகக் கொடிது. அமைதியை நாடுவோர் வடக்கே பாசிக்குடாவுக்குச் செல்லலாம். முருகைக் கற்பாரின் காப்பில், நெடுந்தூரம் இடுப்பளவு நீரே உள்ள குடா அது.

எற்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். அது காலையா மாலையா என்ற வழக்கை இப்போது நான் வேறு வகையில் விசாரிக்கின்றேன். கிழக்குக் கரையிற் காலைக் கதிர் கண்ணிற் குத்துவதால் நீரின் நிறம் தெரிவதில்லை. மாலையில் ஞாயிறு முதுகுப்புறம் இருப்பதால் பள்ளமும் திட்டும் நன்கு புலப்படும். ஆனால் நம் நாட்டில் அந்தி விரைந்து இருண்டுவிடும், இருளில் ஒரு தலையைக் கடலில் எவர் காண்பர்? பிற்பகல் நான்கு மணி நல்லது என்பது என் தீர்ப்பு. உரையாசிரியர் பொறுப்பாராக.

அன்று தப்பியவன் இப்போது தானும் ஆசிரியன். சென்ற ஆண்டு தன் மாணவரோடு கல்லடிக்குச் சென்றவன், கரைமேட்டில் நின்றவாறே எனக்குத் தொலைபேசியிற் பேசினான். "ஐயா, அந்தப் பள்ளம் பழைய இடத்தில் இல்லை; தெற்கே நகர்ந்து போயிருக்கிறது" என்றான். பிள்ளைகளை இறக்கினாயா என்று கேட்டேன். இல்லை, கரையிலேயே இருத்தி அலையை எண்ணச் சொல்லியிருக்கிறேன் என்றான்.