கேரம் போர்டில் கோல்ஃப் ஆடலாமா?



கோல்ஃப் விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சைப் புல்வெளி. கையில் நீளமான மட்டை. எங்கோ தூரத்தில் ஒரு சிறிய கொடி. அந்தக் கொடியின் அடியில் ஒரு குழி. அதன் அகலம் வெறும் 10.8 சென்டிமீட்டர்தான்! மட்டையால் பந்தை அடித்து அடித்து அந்தக் குழிக்குள் தள்ள வேண்டும். இப்படி மொத்தம் 18 குழிகள்.

மற்ற விளையாட்டுகளில் அதிக ரன், அதிக கோல் எடுத்தவர் ஜெயிப்பார். கோல்ஃபில் தலைகீழ்! எல்லாக் குழிகளுக்கும் சேர்த்து யார் குறைவான அடிகள் அடித்தாரோ அவருக்கே வெற்றி.

"அதெல்லாம் பெரிய பணக்காரர்கள் ஆட்டம் சார்! நம் திண்டிவனத்தில் அவ்வளவு பெரிய புல்வெளிக்கு எங்கே போவது?" என்று கேட்கிறீர்களா? கவலை வேண்டாம். அந்தப் புல்வெளியை ஒரு மேஜை மீது சுருட்டி வைத்து ஆடும் ஆட்டமும் உண்டு. அதையே இன்னும் சுருக்கி, உங்கள் வீட்டு கேரம் போர்டிலும் ஆடிவிடலாம். எப்படி என்று பார்ப்போமா?

புல்வெளி மேஜையான கதை

பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் ஆகிய ஆட்டங்களின் மேஜையைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் பச்சை நிறத் துணிதான் விரித்திருப்பார்கள். ஏன் தெரியுமா?

பழங்காலத்தில் ஐரோப்பாவில் தரையில், புல்லின் மேல் பந்துகளைக் கோலால் தள்ளி ஆடினார்கள். மழையும் பனியும் வந்தால் ஆட முடியாதே! அதனால் ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டு வந்து மேஜை மேல் ஏற்றிவிட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் மன்னர் பதினோராம் லூயியிடம் இப்படி ஒரு மேஜை இருந்தது. புல்லின் நினைவாகத்தான் பச்சைத் துணி! ஆக, கோல்ஃபும் பில்லியர்ட்ஸும் ஒருவகையில் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. இரண்டும் மறுபடி கை கோத்துக்கொண்டதுதான் 'மேஜை கோல்ஃப்'.

மேஜை கோல்ஃப் எப்படி ஆடுகிறார்கள்?

பூல் மேஜையில் ஆறு குழிகள் இருக்கும். நான்கு மூலைகளில் நான்கு. நீளப் பக்கங்களின் நடுவில் இரண்டு.

ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணப் பந்து. வெள்ளைப் பந்து எல்லோருக்கும் பொது. கோலால் வெள்ளைப் பந்தைத்தான் தட்ட வேண்டும். அது போய் உங்கள் வண்ணப் பந்தில் மோத வேண்டும். உங்கள் பந்து முதல் குழியில் விழுந்ததும் அதை எடுத்து மறுபடி அதற்குரிய இடத்தில் வைத்து, இரண்டாம் குழிக்கு முயல வேண்டும். வரிசை மாறக் கூடாது. ஆறு குழிகளையும் வரிசையாக முதலில் முடிப்பவர் வெற்றியாளர்.

உங்கள் பந்தைத் தொடாமல் அடுத்தவர் பந்தில் வெள்ளைப் பந்து மோதினால் தவறு. வெள்ளைப் பந்தே குழியில் விழுந்தாலும் தவறு. உங்கள் பந்து வரிசை மாறி வேறு குழிக்குள் போனாலும் தவறுதான். தவறுகளை எல்லாம் குறித்து வைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. யார் முதலில் முடித்தார் என்று பார்க்காமல், நிஜ கோல்ஃப் போலவே அடிகளை எண்ணலாம். ஆறு குழிகளை மூன்று சுற்று ஆடினால் 6 x 3 = 18. கோல்ஃப் கணக்கு சரியாக வந்துவிட்டதல்லவா?

இனி நம் கேரம் போர்டு!

பூல் மேஜையின் நீளம் 9 அடி. கேரம் போர்டில் ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம்தான். குழிகளும் நான்கே. அதற்கேற்ப விதிகளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம்.

தேவையானவை: கேரம் போர்டு, ஸ்டிரைக்கர், ஆளுக்கு ஒரு காய், கொஞ்சம் பவுடர், ஒரு தாள், ஒரு பென்சில். இரண்டு முதல் நான்கு பேர் வரை ஆடலாம்.

ஒவ்வொருவரும் அவரவர் பக்கத்தில் அமருங்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்து, எதிரே இடது மூலை 1-ஆம் குழி. எதிரே வலது மூலை 2. உங்கள் அருகே வலது மூலை 3. அருகே இடது மூலை 4.

விதிகள் இவை:

1. காயை நடுவில், வழக்கமாகச் சிவப்புக் காய் வைக்கும் இடத்தில் வையுங்கள். ஸ்டிரைக்கரை உங்கள் கோட்டில் வைத்து அடியுங்கள்.

2. காய் 1-ஆம் குழியில் விழும் வரை தொடர்ந்து நீங்களே அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் ஒரு எண். ஸ்டிரைக்கர் காயில் படாமல் போனாலும் அது ஓர் அடிதான்!

3. நீங்கள் முடித்ததும் அடுத்தவர் தன் காயை நடுவில் வைத்து 1-ஆம் குழிக்கு ஆடுவார். எல்லோரும் முடித்த பிறகே 2-ஆம் குழி.

4. அடித்த காய் எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே அடுத்த அடி. கையால் நகர்த்தக் கூடாது. ஸ்டிரைக்கர் மட்டும் ஒவ்வொரு முறையும் கோட்டுக்குத் திரும்பும்.

5. காய் வேறு குழியில் விழுந்தால் ஒரு தண்ட அடி. காய் நடுவுக்கு வர வேண்டும். போர்டை விட்டு வெளியே குதித்தாலும் இதேதான்.

6. ஸ்டிரைக்கர் குழியில் விழுந்தால் ஒரு தண்ட அடி. அதே அடியில் காயும் விழுந்திருந்தால் அது செல்லாது. நடுவில் வைத்து மறுபடி ஆட வேண்டும்.

7. உங்கள் கோட்டின் மேலோ, கோட்டுக்குப் பின்னாலோ காய் நின்றுவிட்டதா? நேரே அடிக்கக் கூடாது. ஸ்டிரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மோத விட்டுத் திரும்பி வரச் செய்துதான் அடிக்க வேண்டும்.

8. காய் அடிக்கவே முடியாத இடத்தில் ஒட்டிக்கொண்டால் ஒரு தண்ட அடி ஏற்றுக்கொண்டு, காயை எடுத்து நடுவில் வைக்கலாம். நிஜ கோல்ஃபிலும் பந்து புதருக்குள் சிக்கினால் தண்ட அடி கொடுத்து வெளியே எடுக்கும் விதி இருக்கிறது.

9. தண்ட அடிகளையும் சேர்த்து ஒரு குழிக்கு 8-க்கு மேல் போகக் கூடாது. 8 ஆனதும் தாளில் 8 என்று எழுதிவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுங்கள். சின்னத் தம்பி, தங்கைகள் அழாமல் இருக்கத்தான் இந்த விதி!

தாளில் கணக்கு

கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் 'பார்' என்று ஓர் இலக்கு உண்டு. நன்றாக ஆடுபவர் அந்தக் குழியை இத்தனை அடிகளில் முடிக்கலாம் என்ற எண் அது. நாமும் இலக்கு வைப்போம். எதிரே உள்ள 1, 2 குழிகள் எளிது. அவற்றுக்கு ஆளுக்கு 2 அடி. அருகே உள்ள 3, 4 குழிகள் கடினம். காயைச் சட்டத்தில் மோத விட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவற்றுக்கு 4 அடி. ஒரு சுற்றுக்கு மொத்த இலக்கு 2 + 2 + 4 + 4 = 12.

இலக்கைவிட ஓர் அடி குறைத்து முடித்தால் அதற்குப் பெயர் 'பேர்டி', அதாவது குருவி! இரண்டு அடி குறைத்தால் 'ஈகிள்', கழுகு! உங்கள் தாளில் சின்னக் குருவி படம் வரைந்துகொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. அக்காவும் தம்பியும் ஆடுகிறார்கள். அக்காவின் அடிகள் 2, 3, 4, 5. கூட்டினால் 14. தம்பியின் அடிகள் 3, 3, 5, 4. கூட்டினால் 15. அக்கா ஓர் அடியில் வெற்றி!

ஆனால், தம்பிக்கு வயது எட்டு, அக்காவுக்குப் பதின்மூன்று. இது சரிசமமான போட்டியா? இதற்கும் கோல்ஃபில் வழி இருக்கிறது. திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக்கொள்ளும் சலுகை தருவார்கள். தம்பிக்கு 2 அடி சலுகை என்று தொடக்கத்திலேயே பேசியிருந்தால் 15 - 2 = 13. இப்போது தம்பிக்கு வெற்றி! ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சலுகை எத்தனை என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுத வேண்டும். தோற்ற பிறகு கேட்டால் அதற்குப் பெயர் சலுகை இல்லை, அழுகுணி ஆட்டம்!

யாரும் பார்க்கவில்லை!

இந்த ஆட்டத்தில் ஓர் இக்கட்டு இருக்கிறது. உங்கள் அடிகளை நீங்களேதான் எண்ண வேண்டும். மற்றவர்கள் பேச்சில் கவனமாக இருக்கும்போது ஸ்டிரைக்கர் காயைத் தொடாமல் போய்விடுகிறது. யாரும் பார்க்கவில்லை. அந்த அடியை எண்ணுவீர்களா, மாட்டீர்களா?

1925-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிகப் பெரிய கோல்ஃப் போட்டியான யு.எஸ். ஓப்பன். பாபி ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற வீரர் ஆடிக்கொண்டிருந்தார். அடிப்பதற்காக மட்டையைப் பந்தின் அருகே கொண்டு போனபோது, பந்து ஒரு துளி அசைந்துவிட்டது. வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. ஆனால், அவர் தானே நடுவர்களிடம் சொல்லி, தனக்கு ஒரு தண்ட அடியைச் சேர்த்துக்கொண்டார்.

முடிவு என்ன ஆயிற்று தெரியுமா? வில்லி மக்ஃபர்லேன் என்ற வீரரும் அவரும் சம அடிகளில் நின்றார்கள். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் ஜோன்ஸ்தான் சாம்பியன்! சமன் ஆனதால் மறுபடி ஆட வேண்டி வந்தது. அதிலும் முதலில் சமன். பிறகு ஒரே ஓர் அடியில் ஜோன்ஸ் தோற்றார். கோப்பை கை நழுவிப் போய்விட்டது. ஆனால், ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தத் தோல்வியைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்?

எழுதி ஒட்டுங்கள்!

நம் தெரு விளையாட்டுகளில் பாதி நேரம் சண்டையிலேயே போய்விடுகிறதே, ஏன்? "நீ அப்படிச் சொல்லவே இல்லை!" "சொன்னேன்!" என்பதுதான் காரணம். விதிகள் வாயில் மட்டும் இருந்தால் ஆளுக்கு ஆள் மாறும். எழுதிவிட்டால் மாறாது. 1744-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்துக் கோல்ஃப் வீரர்கள் 13 விதிகளை எழுதி வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் ஆடும் கோல்ஃபுக்கு அதுதான் வித்து.

நம் தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது! ஸ்நூக்கர் பிறந்தது இந்தியாவில்தான். 1875-இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேஜையில் கூடுதலாக வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். (இவர் பின்னாளில் இங்கிலாந்து பிரதமரான சேம்பர்லின் அல்ல, வேறொருவர்.) 1882-இல் அந்த ஆட்டத்தின் விதிகள் எழுதப்பட்டு, நம் ஊட்டியில் இருக்கும் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டப்பட்டன. சுவரில் ஒட்டிய ஒரு தாள்! அங்கிருந்து கிளம்பிய ஆட்டம் இன்று உலகமெல்லாம் சுற்றுகிறது.

அந்தக் காலத்தில் அது வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அந்த மேஜையைத் தொடக்கூட முடியாது. கேரம் போர்டு அப்படியா? தெருமுனையில், திண்ணையில், மரத்தடியில் யார் வேண்டுமானாலும் ஆடலாம். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இந்தக் காய்களை ஆடியே இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார். 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024-இல் வடசென்னையைச் சேர்ந்த காசிமா, அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று வந்தார். அவருடைய தந்தை ஓர் ஆட்டோ ஓட்டுநர். ஆகவே, "கேரம்தானே!" என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் காசிமாவின் கதையைச் சொல்லுங்கள்.

வீட்டில் கேரம் போர்டும் இல்லையா? அதனால் என்ன! மண் தரையில் ஆறு இடங்களில் கொட்டாங்குச்சியைப் புதைத்துக் குழியாக்குங்கள். கோலிகுண்டை விரலால் சுண்டி, வரிசையாக ஒவ்வொரு குழியிலும் விழ வையுங்கள். அடிகளை எண்ணுங்கள். அதுவும் கோல்ஃப்தான்!

ஒரே ஒரு கண்டிப்பு: எந்த ஆட்டத்தையும் காசு வைத்து ஆடாதீர்கள். காசு வந்துவிட்டால் ஆட்டம் போய்விடும், நட்பும் போய்விடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, இந்த ஒன்பது விதிகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். புதிதாக ஒரு விதி தோன்றினால் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு பத்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டிரைக்கரை எடுங்கள்!

மூளைக்கு வேலை: மூன்று குழிகளை 2, 3, 3 அடிகளில் முடித்துவிட்டீர்கள். மொத்த இலக்கான 12-ஐ விட ஓர் அடி குறைவாகச் சுற்றை முடிக்க வேண்டுமானால், நான்காம் குழியை எத்தனை அடியில் முடிக்க வேண்டும்?

(விடை: 3 அடி. அந்தக் குழிக்கு இலக்கு 4. ஆகவே உங்களுக்கு ஒரு குருவி கிடைத்துவிட்டது!)