நஞ்சு விற்ற பணம்

கஞ்சா மூட்டைகளுடன் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவருகிறது. மூட்டை தீக்கிரையாகிறது, அதைச் சுமந்து வந்த ஏழை சிறைக்குப் போகிறான். ஆனால், அந்தச் சரக்குக்கு முதல் போட்டவன் எவன், அதில் கிடைத்த லாபம் யாருடைய பெயரில் வீடாகவும் நிலமாகவும் நகையாகவும் மாறிற்று என்ற கேள்விகளுக்கு விடை கிடைப்பது அரிதாயிருக்கிறது. 2021-ம் வருஷம் செப்டம்பரில் குஜராத்திலுள்ள முந்திரா துறைமுகத்தில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் ஒருங்கே கைப்பற்றப்பட்டது. அத்தகைய நஷ்டத்திற்குப் பின்னரும் இவ்வியாபாரம் தேசத்தில் ஓய்ந்துவிடவில்லை. முன்பு குவித்த லாபம் பத்திரமாயிருக்கும் வரையில், போன சரக்குக்குப் பதில் வேறு சரக்கு வந்துகொண்டுதானிருக்கும்.

இந்த லாபத்தைப் பறிப்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 1989-ல் இதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன்படி, இவ்வியாபாரத்தினால் ஒருவன் தேடிய சொத்து அவன் பெயரில் இருந்தாலும், உறவினர் அல்லது கூட்டாளிகளின் பெயரில் இருந்தாலும், போலீஸ் நிலைய அதிகாரியே துப்பறிந்து அதை முடக்கி வைக்கலாம். சொத்து நேர்வழியில் வந்ததென்று நிரூபிக்கும் பொறுப்பு அதை உடையவனையே சார்ந்தது. ஆயினும், முடக்கும் உத்தரவைப் பிறப்பித்த முப்பது நாட்களுக்குள், அதற்கென நியமிக்கப்பட்ட மேலதிகாரி அதை உறுதி செய்யாவிட்டால் உத்தரவு செல்லாது.

இவ்வேலை எத்தகையது என்பதை நேயர்கள் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்க்க வேண்டும். பாங்கிக் கணக்குகளை வரி வரியாகப் படிக்க வேண்டும். மைத்துனன் பெயரில் வாங்கிய மனைக்குப் பணம் எங்கிருந்து வந்ததென்று காட்ட வேண்டும். திருட்டு வழக்கும், திருவிழாப் பந்தோபஸ்தும், கோர்ட்டு சாட்சியமும் ஓயாத ஒரு நிலைய அதிகாரி, லத்தியையும் ஜீப்பையும் மட்டும் துணைக்கொண்டு இதைச் செய்து முடிப்பது எங்ஙனம்? கணக்கு வல்லுநரும் வக்கீலும் அவருக்குத் துணையில்லையேல் சட்டம் புஸ்தகத்திலேயே உறங்கும். சட்டம் இயற்றிய சர்க்கார் அதை நடத்தும் செலவையும் ஏற்கக் கடமைப்பட்டிருக்கிறது.

இவ்விஷயத்தில் நாம் கற்கத்தக்க தேசம் ஒன்றுண்டு. நம்மைப் போலவே பிரிட்டிஷ் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடிய அயர்லாந்துதான் அது. போதைக் கும்பல்களைப் பற்றி அஞ்சாமல் எழுதிவந்த வெரோனிகா குரின் என்ற பத்திரிகையாளர், 1996-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி டப்ளின் நகரருகே தமது காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தேசம் கொதித்தெழுந்தது. அவ்வருஷமே அந்நாட்டுப் பார்லிமெண்டு புதிய சட்டங்களை இயற்றி, குற்றத்தால் வந்த சொத்துக்களைப் பறிமுதல் செய்வதற்கென்றே ஒரு தனி இலாகாவை ஏற்படுத்திற்று. அதில் போலீஸாரும், வருமானவரி உத்தியோகஸ்தர்களும், சமூக நல இலாகாவினரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்கின்றனர். சட்ட ஆலோசகரும் அதற்குள்ளேயே இருக்கிறார். கும்பல் தலைவன் ஒருவனுடைய சொத்து வழக்கு ஏறக்குறைய இருபது வருஷங்கள் நீடித்தது, இலாகாவும் தளரவில்லை. பறிமுதலான பணம் தேசப் பொக்கிஷத்தைச் சேர்கிறது; இலாகாவின் செலவுக்குப் பார்லிமெண்டு தனியே பணம் ஒதுக்குகிறது.

இந்தக் கடைசி அம்சமே முக்கியமானதென்பது நமது அபிப்பிராயம். பறித்த பணத்தில் போலீஸுக்கே பங்கு கொடுத்துவிட்டால் சர்க்காருக்குச் செலவில்லையே என்று சிலர் யோசனை கூறலாம். அமெரிக்கா 1984-ம் வருஷம் முதல் அவ்வழியில் சென்றது. அங்கே உள்ளூர்ப் போலீஸுக்கு 80 சதவிகிதம் வரையில் பங்கு கிடைக்க வழியுண்டு. விளைவென்ன? இந்தியானா ராஜ்யத்தில் சொற்ப ஹெராயின் விற்ற ஒருவனிடமிருந்து, தந்தையின் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் பணத்தில் அவன் வாங்கிய 42,000 டாலர் பெறுமான காரைப் பறிக்க முயன்றார்கள். அக்குற்றத்திற்கு உச்ச அபராதமோ 10,000 டாலர்தான். மிதமிஞ்சிய அபராதம் கூடாதென்ற அரசியல் சட்ட விதி ராஜ்யங்களையும் கட்டுப்படுத்தும் என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் ஏகமனதாகத் தீர்ப்பளிக்க நேர்ந்தது. வேட்டையில் பங்குள்ளவனுக்குக் குற்றவாளியின் பெட்டியும் நிரபராதியின் பெட்டியும் ஒன்றாகவே தோன்றும்.

நமது சரித்திரமும் இதையே போதிக்கிறது. அந்நிய சர்க்கார் வங்காளத்தில் அபினியைத் தன் ஏகபோகமாக்கிச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்வித்தது. அவ்வருமானத்தில் ருசி கண்ட பொக்கிஷம் அதை விட மனமின்றிப் பல தலைமுறைகள் கழித்தது. அதற்கு மாறாக, 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி மந்திரிசபை, கள், சாராய வருமானத்தின் இழப்பை ஈடு செய்ய 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. நற்காரியத்திற்கு வேண்டிய பணத்தை நேரான வரியிலிருந்து கேட்பதே நேர்மை என்பதை அன்றே அவர்கள் செய்கையில் காட்டினார்கள்.

ஆகவே நாம் வற்புறுத்துபவை மூன்று. ஒவ்வொரு ஜில்லாவிலும் கணக்கு வல்லுநரும் வக்கீலும் அடங்கிய சொத்துத் துப்பறியும் பிரிவு ஒன்று வேண்டும். அதன் செலவு முழுவதும் பட்ஜெட்டிலிருந்தே வரவேண்டும். பறிமுதலாகும் சொத்துக்களின் விற்பனைத் தொகை, சட்டத்தின் 7-ஏ பிரிவு ஏற்படுத்தியுள்ள தேசிய நிதியைச் சேரவேண்டியது. அந்நிதியில் போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் முதலிடம் அளிக்கவேண்டும். முடக்கியது எவ்வளவு, உறுதியானது எவ்வளவு, திருப்பித் தரப்பட்டது எவ்வளவு என்ற கணக்கு ஆண்டுதோறும் சட்டசபையின்முன் வரவேண்டும்.

மகனைப் போதைக்குப் பறிகொடுத்த தாய், அவனுக்கு நஞ்சு விற்றவனுடைய புது மாடி வீட்டைத் தினமும் கடந்து செல்லவேண்டிய நிலை ஒரு நல்ல ராஜ்யத்துக்கு அழகன்று. அந்த வீடு ஏலத்துக்கு வந்து, அப்பணத்தால் வேறொரு தாயின் மகன் குணமடைவானாகில், அன்றுதான் சட்டம் தன் வேலையைச் செய்ததென்று நாம் ஒப்புவோம்.