உஷார்! வார்னிங்கின் வாயை அடைக்கும் அந்த அடைப்புக்குறி

“அண்ணா, கன்வர்ஷன் வார்னிங் வந்துட்டே இருந்துச்சு. ஒரு காஸ்ட் போட்டேன், போயிடுச்சு. மெர்ஜ் பண்ணிடவா?”

இந்தக் கேள்வி காதில் விழுந்தால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அந்தத் திரைக்கு முன்னால் போய் நில்லுங்கள். சி, சி பிளஸ் பிளஸ்ஸில் ஃபர்ம்வேர், டிரைவர், நெட்வொர்க் கோட் எழுதுகிற எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்கிறேன். போனது வார்னிங் மட்டும்தான். அது எதைப் பார்த்துக் கத்தியதோ, அது அதே வரியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இனி அதைப் பார்த்துக் கத்த ஆளில்லை.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். சில வருடங்களுக்கு முன், பழம் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் கன்ட்ரோலருக்கு ஃபர்ம்வேர் எழுதினேன். சென்சார் வெப்பநிலையைப் பத்தில் ஒரு டிகிரிக் கணக்கில் கொடுக்கும், 2.5 டிகிரி என்றால் 25. வருவது 16 பிட் சைன்ட் எண். கம்ப்ரஸரை ஓட்டும் ஃபங்ஷன் கேட்டதோ அன்சைன்ட் எண். கம்பைலர் முனகியது. அடைப்புக்குறிக்குள் டைப்பின் பெயரை எழுதினேன், முனகல் நின்றது. சென்னையில் மேசைமேல் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். ஃப்ரிட்ஜில் வைத்தும் பார்த்தோம். 4 டிகிரிக்குக் கீழே அது இறங்கவே இல்லை.

கிடங்கில் ஓர் இரவு, கம்ப்ரஸர் நின்ற பிறகும் காயிலில் மிச்சமிருந்த குளிரில் சென்சார் மைனஸ் 0.1-ஐத் தொட்டது. எங்கள் கணக்கில் அது மைனஸ் 1. அன்சைன்ட் ஆனதும் 65,535. கன்ட்ரோலருக்கு அந்த அறை 6,553.5 டிகிரியில் தகிக்கிறது! உடனே கம்ப்ரஸரைப் போட்டது. அறை மைனஸ் 2 டிகிரிக்குப் போனபோது அதன் கண்ணுக்குத் தெரிந்தது 6,551.6. குளிரக் குளிர நெருப்பென்றே நம்பியது. விடியற்காலையில் கதவைத் திறந்தவர்கள் கையில் எடுத்த திராட்சைக் குலைகள் கோலிக்குண்டு மாதிரி ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அந்த வியாபாரி நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. கோடில் தர்க்கப் பிழை என்று ஒன்றும் இல்லை. நான் போட்ட அடைப்புக்குறி ஒன்றுதான்.

மரக்கால் நெல்லை ஆழாக்கில் கொட்டினால் சிந்துவது தரையில் தெரியும். கம்ப்யூட்டரில் சிந்துவது தெரியாது. ஆழாக்கில் நின்றதே முழு அளவு என்று கணக்கில் ஏறிவிடும். 300-ஐ 8 பிட் அன்சைன்ட் எண்ணுக்குள் தள்ளினால் 44 நிற்கும். சத்தம் வராது, புரோகிராம் நிற்காது. 44 என்பது பார்க்க நல்ல எண்ணாகவும் இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

காஸ்ட் போட்டால்தானே ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். சி மொழியில் நீங்கள் எதுவுமே எழுதாவிட்டாலும் டைப் மாறும். சைன்ட் மைனஸ் 1, அன்சைன்ட் 1-ஐ விடச் சின்னதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றுதான் பதில் வரும். ஒப்பிடுவதற்கு முன்பே மைனஸ் 1 மிகப் பெரிய அன்சைன்ட் எண்ணாக மாறியிருக்கும். நெட்வொர்க்கிலிருந்து வரும் நீளத்தை ‘இன்ட்’டில் வாங்கி, ‘100-க்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பு’ என்று ஒரு காவல் வரியும் போட்டு, அடுத்த வரியில் மெம்காபியைக் கூப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! வந்த நீளம் மைனஸ் 1 என்றால் காவலைத் தாராளமாகத் தாண்டும், 100-ஐ விடக் குறைவுதானே. மெம்காபிக்குள் நுழையும்போது 64 பிட் மெஷினில் அது 20 இலக்க எண். ‘சார்’ டைப்பும் இப்படித்தான். சாதாரணமாக இன்டெல் மெஷினில் அது சைன்ட், ஆர்ம் லினக்ஸில் அன்சைன்ட். ஒரே வரிக் கோடில், 200 என்ற பைட் அங்கே மைனஸ் 56, இங்கே 200. லினக்ஸ் கெர்னல்காரர்கள் இந்தத் தொல்லை தாளாமல் 6.2 வெர்ஷனிலிருந்து எல்லா மெஷினிலும் அன்சைன்ட் என்றே வைத்துவிட்டார்கள்.

அந்தக் கெர்னலுக்குள்ளேயே 2014-லிருந்து 2021 வரை ஒரு டைப் மாற்ற ஓட்டை பதுங்கியிருந்தது. குவாலிஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2021 ஜூலை 20-ல் அதை வெளியிட்டு, ‘செக்வோயா’ என்று பெயர் வைத்தார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

மவுண்ட் விவரங்களைக் கேட்டால் கெர்னல் ஒரு சின்ன பஃபரை எடுத்து எழுதிப் பார்க்கும். போதவில்லையென்றால் இரண்டு மடங்காக்கி மறுபடி எழுதும். பஃபரின் அளவை ‘சைஸ்-டி’ என்ற 64 பிட் அன்சைன்ட் எண்ணில்தான் வைத்திருக்கிறது; அதுவரை ஒரு குறையும் இல்லை. இப்போது எந்த அதிகாரமும் இல்லாத ஒரு பயனர், ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பத்து லட்சம் அடுக்கு கட்டுகிறார். பாதையின் நீளம் 1 ஜிபியைத் தாண்டுகிறது. அதை மவுண்ட் செய்து, பிறகு அழித்தும் விடுகிறார். 1 ஜிபி பஃபர் போதாது, கெர்னல் 2 ஜிபிக்குப் போகிறது. பைட் கணக்கில் 2,14,74,83,648. இந்த அளவைக் கையில் வாங்கும் அடுத்த ஃபங்ஷன், அதை ‘இன்ட்’ என்று வாங்குகிறது. இன்ட்டில் கொள்ளும் ஆகப் பெரிய எண் 2,14,74,83,647.

ஒன்றே ஒன்று கூடுதல். அந்த ஒன்றில் எண் மைனஸ் 2,14,74,83,648 ஆகிவிடுகிறது. பஃபரின் முடிவு எங்கே என்று அறிய, தொடக்கத்தோடு அளவைக் கூட்டுகிறது கெர்னல். கூட்டியது கழித்தலாகி, 2 ஜிபி பின்னால் போய் நிற்கிறது. அங்கே நின்றுகொண்டு, ‘இந்த ஃபோல்டர் அழிக்கப்பட்டது’ என்பதற்கான 10 பைட் சொல்லை எழுதுகிறது. தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் வெறும் 10 பைட். உபுண்டு, டெபியன், ஃபெடோராவில் முழு ரூட் அதிகாரத்தைப் பிடிக்க அந்த ஆய்வாளர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இதில் எனக்குத் தூக்கம் கெடும் இடம் வேறு. அந்த ‘இன்ட்’டை எழுதியவர் அன்றைக்குத் தப்பாக எழுதவில்லை. அவ்வளவு பெரிய பஃபர் அங்கே வந்துசேர அப்போது வழியே கிடையாது. 2014-ல் வேறொரு இடத்தில், பெரிய பஃபரும் கிடைக்கட்டும் என்று நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றம்தான் கதவைத் திறந்துவிட்டது. “அவ்ளோ பெரிய நம்பர் எங்க வரப்போகுது?” என்ற நினைப்பு ஒவ்வொரு காஸ்ட்டுக்குள்ளும் இருக்கிறது. அது நினைப்பாகவே மனசுக்குள் இருந்துவிடுகிறது, கோடில் ஏறுவதில்லை. அதனால் பத்து வருடம் கழித்துப் பக்கத்துக் கோடை மாற்றுகிறவருக்கு அது தெரியவும் தெரியாது.

எஸ்எஸ்எச் கதை இன்னும் நெஞ்சைச் சுடும். தாக்குதலைக் கண்டுபிடிக்கவென்றே எஸ்எஸ்எச்-1-ல் ஒரு ஃபங்ஷனைச் சேர்த்திருந்தார்கள். அதில் ஓர் அட்டவணையின் அளவு 32 பிட்டில் கணக்கிடப்பட்டு 16 பிட் எண்ணுக்குள் போனது. ராட்சத பாக்கெட் வந்தால் அளவு 65,536. 16 பிட்டில் அது பூஜ்யம். இல்லாத அட்டவணையில் புரோகிராம் எழுதத் தொடங்கும். வேலியே பயிரை மேய்ந்தது. 2001-ல் இது வெளிவந்தபோது, அந்த 16-ஐ 32 ஆக்கியதுதான் பேட்ச்சின் சாரம். 2003-ல் வந்த ‘தி மேட்ரிக்ஸ் ரீலோடட்’ படத்தில் டிரினிட்டி ஒரு மின் நிலையத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழைவதும் இந்த ஓட்டை வழியாகத்தான்.

சரி, சி மொழியை விட்டுவிட்டு, டைப் மாற்றத்தை எழுதித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மொழிக்குப் போனால் தப்பித்தோமா? 1996 ஜூன் 4-ல் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ஏரியன்-5 ராக்கெட்டின் கோட் அடாவில் எழுதப்பட்டது. அடாவில் மாற்றம் வெளிப்படையாக இருக்கும், கொள்ளவில்லையென்றால் மொழியே பிழையைத் தூக்கிக் காட்டும். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் தசம எண் ஒன்று 16 பிட் சைன்ட் எண்ணுக்குள் கொள்ளவில்லை. அடாவும் ஒழுங்காகப் பிழையைக் காட்டியது. அந்தப் பிழையைக் கையில் வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. இப்படியொரு பிழை வந்தால் ஹார்டுவேர்தான் பழுது, பறக்கும் நிலையை அளக்கும் அந்த யூனிட்டை நிறுத்து என்பது அங்கே விதி. மாற்று யூனிட்டிலும் அதே சாஃப்ட்வேர். அது 72 மில்லிவிநாடிக்கு முன்பே நின்றிருந்தது.

நின்ற யூனிட் கடைசியாக அனுப்பியது பழுது விவரம். பிரதானக் கம்ப்யூட்டர் அதைப் பறக்கும் நிலையைச் சொல்லும் எண்ணாகவே படித்தது. ஒரு டைப் குழப்பத்தின் வாலில் இன்னொன்று! இல்லாத விலகலைச் சரிசெய்ய நாசில்கள் முழுக்கத் திரும்பின. கிளம்பி 40 விநாடிகூட ஆகவில்லை, ராக்கெட் சிதறியது. ஐரோப்பிய விஞ்ஞானிகளின் நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் கூடவே போயின.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. ஆபத்தான மாற்றங்கள் என்று ஏழு எண்களை முன்பே அடையாளம் கண்டிருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்பு எழுதினார்கள். பிராசஸர் பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் மூன்றை விட்டார்கள், அவை அவ்வளவு பெரிதாக வராது என்று. இந்தக் கோட் முதலில் ஓடிய ஏரியன்-4-ல் வரவும் இல்லை. ஏரியன்-5 அதைவிட வேகமாக எகிறும் ராக்கெட். அதே நினைப்பு, அதே கோட், வேறு ராக்கெட்.

ஆகவே வெளிப்படையாக எழுதுவது பாதி வேலைதான். கொள்ளாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற பதிலும் அங்கேயே இருக்க வேண்டும். ரஸ்ட்டுக்கு மாறியவர்கள் இதைக் கவனிக்கவும். அங்கேயும் ‘ஆஸ்’ என்று போட்டால் 300 சத்தமில்லாமல் 44 ஆகிவிடும். ‘ட்ரை-ஃப்ரம்’ கேட்டால்தான் கொண்டதா இல்லையா என்ற பதில் கிடைக்கும். கிடைத்த பதிலைப் பார்க்காமல் ‘அன்ராப்’ போட்டீர்களானால் புரோகிராம் அங்கேயே விழும், ஏரியன் விழுந்த மாதிரி. கோ மொழியும் மாற்றத்தை எழுதச் சொல்லும், வெட்டுப்படும்போது வாய் திறக்காது.

சியிலேயே இருக்கப்போகிறவர்கள், ‘எல்லா வார்னிங்கும்’ என்று பெயர் வைத்த ஃபிளாகை நம்பி ஏமாறாதீர்கள். ஜிசிசியில் அதைப் போட்டாலும் கன்வர்ஷன் வார்னிங் வராது; கன்வர்ஷனைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், சியில் சைன்-கன்வர்ஷனும் அதோடு வந்துவிடும். பழைய கோடில் போட்டால் மழையாய்க் கொட்டும். கொட்டட்டும். வெளியிலிருந்து எண் உள்ளே நுழையும் ஃபைல்களில் தொடங்குங்கள்: பாக்கெட் படிக்கும் இடம், சென்சார் படிக்கும் இடம், ஃபைல் தலைப்பு படிக்கும் இடம். டெஸ்ட் ஓட்டும்போது கிளாங்கின் இம்ப்ளிசிட்-கன்வர்ஷன் சானிடைசரையும் சேர்த்துக்கொண்டால், எழுதாமலே நடந்த மாற்றத்தில் மதிப்பு கெட்டால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் நீங்கள் கையால் போட்ட காஸ்ட்டை அது தொடாது, ‘தெரிந்துதான் போட்டிருக்கிறார்’ என்று நம்பிவிடும். திரும்பவும் சொல்கிறேன், அடைப்புக்குறி போட்ட இடத்தில் உங்களைத் தவிர வேறு காவல் இல்லை.

சி பிளஸ் பிளஸ் எழுதுகிறவர்களுக்கு வசதி கொஞ்சம் கூடுதல். 2011-லிருந்தே நெளிவு அடைப்புக்குறியால் மதிப்புக் கொடுத்தால் குறுக்கும் மாற்றத்தை மொழியே தடுக்கும். 2020 பதிப்பில் ‘இன்-ரேஞ்ச்’, ‘கம்ப்-லெஸ்’ போன்றவை வந்துவிட்டன. சியில் 23-ஆம் பதிப்பு, கூட்டலும் பெருக்கலும் வழிந்ததா என்று சொல்லும் மேக்ரோக்களைத் தந்திருக்கிறது. பைட் பஃபரை அப்படியே ஸ்ட்ரக்ட் பாயின்டராக மாற்றிப் படிக்கும் பழக்கம் தனிப் பேய். மெம்காபியால் நகலெடுத்துப் படியுங்கள், இப்போதைக்கு அவ்வளவு போதும்.

குளிர்பதனக் கிடங்குக் கோடை நான் எப்படித் திருத்தினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்சாரிலிருந்து கம்ப்ரஸர் வரைக்கும் எண் சைன்ட்டாகவே போகும்படி மாற்றினேன். வெப்பநிலைக்கு என்று தனி ஸ்ட்ரக்ட் வைத்தேன், வெறும் எண்ணை அங்கே கொடுத்தால் கம்பைல் ஆகாது. குறுக்குவதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன். கொள்ளுமா என்று முதலில் பார்க்கும், கொள்ளாவிட்டால் தோல்வி என்று திருப்பிச் சொல்லும். குறுக்கிய பிறகு சோதிப்பது செத்த பிறகு வைத்தியம். மைனஸ் 40-க்குக் கீழேயோ 60-க்கு மேலேயோ எதைப் படித்தாலும் கம்ப்ரஸரை நிறுத்தி மணியடிக்கச் சொன்னேன். அந்த ஃபங்ஷனுக்கு வெளியே எந்தக் காஸ்ட் வந்தாலும், எழுதியவர் யாராக இருந்தாலும், ரிவ்யூவில் திரும்பிப் போகும். நான் எழுதியதும் திரும்பி வந்திருக்கிறது.

இன்னொன்று, இதற்குத் தேதியே குறித்தாகிவிட்டது. 1970-லிருந்து விநாடியை எண்ணும் 32 பிட் சைன்ட் கடிகாரம் 2038 ஜனவரி 19-ல், நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு நிரம்புகிறது. அடுத்த விநாடி அது 1901 டிசம்பருக்குப் போய்விடும். 32 பிட் மெஷின்களிலும் நேரத்தை 64 பிட்டில் வைக்க லினக்ஸ் கெர்னல் 2020-ல் 5.6 வெர்ஷனில் தயாரானது, கிலிப்சி 2021-ல் 2.34-ல். பல வருட உழைப்பு அது. அவர்கள் பாடுபட்டு அகலமாக்கிய எண்ணை, லாக் ஃபார்மட்டில் வார்னிங் வருகிறதே என்று நீங்கள் போடும் ஒரு காஸ்ட் பழையபடி இன்ட்டுக்குள் திணித்துவிடும். இன்று சுவரில் மாட்டுகிற மீட்டரும் கன்ட்ரோலரும் 2038-ல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் கோடில் நேரத்தைத் தொடும் வரிகளை இன்றைக்கே தேடி எடுங்கள். பக்கத்தில் ‘இன்ட்’ என்று ஓர் அடைப்புக்குறி தெரிந்தால், அந்தச் சாதனம் எத்தனை இடத்தில் ஏற்கெனவே மாட்டியாயிற்று என்று அடுத்ததாகக் கேளுங்கள்.