சிக் ஷாம்பு ஜெயித்தது... நானோ கார் ஏன் சறுக்கியது? 'விலை குறைவு' விளம்பரத்தின் இரண்டு முகங்கள்!

பெட்டிக்கடை வாசலில் தோரணம்போலத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துத் தரச் சொல்லி, சில்லறையை நீட்டிவிட்டு வந்துவிடுவோம். அதை வாங்க யாரும் கூச்சப்படுவதில்லை. காரில் வந்து இறங்குபவரும் வாங்குகிறார். களையெடுத்துவிட்டு வீடு திரும்புபவரும் வாங்குகிறார்.

இன்னொரு காட்சி. 2008 ஜனவரி 10, டெல்லி ஆட்டோ எக்ஸ்போ. கேமராக்கள் சூழ நிற்க, ரத்தன் டாடா ஒரு குட்டிக் காரை அறிமுகப்படுத்துகிறார். விலை ஒரு லட்ச ரூபாய் என்றதும் உலகமே திரும்பிப் பார்த்தது. பத்து வருடங்கள் கழித்து, 2018 ஜூன் மாதத்தில் தயாரான நானோ கார்கள் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று!

'எளிய மக்களுக்கும் எட்ட வேண்டும்' என்ற ஒரே எண்ணத்தில் பிறந்தவைதான் இரண்டும். ஒன்று வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. மற்றொன்று பாதி வழியிலேயே நின்றுவிட்டது. காரணம் விலையில் இல்லை. அந்த விலையைச் சொன்ன விதத்தில் இருக்கிறது.

கடலூரில் தொடங்கிய கதை

ஷாம்பு என்பது பெரிய பாட்டிலில், வசதியானவர்கள் வீட்டுக் குளியலறையில் மட்டும் இருந்த காலம் அது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், அதைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்க முடியும் என்று செய்து காட்டினார். பணக்காரர் பயன்படுத்தும் பொருளைக் கூலித் தொழிலாளியும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் வந்ததுதான் வெல்வெட் ஷாம்பு.

அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொழில் தொடங்கினார். அப்பா பெயரின் எழுத்துகளை வைத்தே 'சிக்' என்று ஷாம்புக்குப் பெயர் சூட்டினார். அந்த நிறுவனம்தான் பின்னாளில் கெவின்கேர் ஆனது.

ஷாம்புவே பழக்கமில்லாத கிராமங்களுக்கு அவருடைய ஆட்கள் போனார்கள். ஊர் நடுவே ஒரு சிறுவனை உட்காரவைத்துத் தலைக்குக் குளிப்பாட்டினார்கள். 'தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க' என்று கூடியிருந்தவர்களை அழைத்தார்கள். ரஜினி படம் போட்டு, இடையிடையே சிக் விளம்பரம் காட்டினார்கள். 'எந்த ஷாம்பு என்றாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம்' என்றார்கள். கொஞ்ச நாளில் அதை 'சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்' என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனதாக ரங்கநாதன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன. விளம்பரத்தில் நடிகை அமலா வந்தார்.

இதில் எந்த இடத்திலும் 'இது ஏழைகளுக்கான ஷாம்பு' என்ற பேச்சே இல்லை. மல்லிகை வாசமும் பளபளக்கும் கூந்தலும் சினிமா நட்சத்திரமும்தான் முன்னால் நின்றன. விலை சத்தமில்லாமல் பின்னால் வந்தது.

வெள்ளைச் சட்டைக்கு விலை தெரியாது

இதே வித்தையை வேறு விதமாகச் செய்தவர் குஜராத்தின் கர்சன்பாய் படேல். அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். 1969-ல் வீட்டிலேயே சலவைத்தூள் தயாரித்து, சைக்கிளில் எடுத்துப்போய் அகமதாபாத்தில் விற்க ஆரம்பித்தார். மகள் நிருபமாவின் நினைவாக 'நிர்மா' என்று பெயர் வைத்தார். அப்போது சந்தையில் ராஜாவாக இருந்த சர்ஃபின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் விலை.

ஆனால், நிர்மா பாக்கெட்டில் இருந்தது யார்? வெள்ளை கவுன் போட்டுச் சுழன்றாடும் ஒரு குட்டிப் பெண். அந்த விளம்பரப் பாட்டின் மெட்டு, இன்றைக்கும் நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்கும் மனப்பாடம்.

சர்ஃப் சும்மா இருக்கவில்லை. விளம்பர உலகின் ஜாம்பவான் அலிக் பதம்ஸி மூலம் 'லலிதாஜி' என்ற குடும்பத்தலைவியைக் களமிறக்கியது. கறிகாய்க்குக்கூடப் பேரம் பேசும் கறார் பெண்மணி அவர். 'மலிவாக வாங்குவது வேறு, நல்லதாக வாங்குவது வேறு' என்று கணக்குப் போட்டுப் புரியவைப்பார். விலையைக் குறைக்காமலே, கூடுதல் விலை கொடுப்பதைப் புத்திசாலித்தனமாக மாற்றிக் காட்டிய விளம்பரம் அது.

சர்ஃப் தன் வாடிக்கையாளர்களை ஓரளவு தக்கவைத்துக்கொண்டது. ஆனால், நிர்மாவின் ஓட்டத்தை நிறுத்த முடியவில்லை. கடைசியில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம், 1980-களின் பிற்பகுதியில் 'வீல்' என்ற பெயரில் குறைந்த விலைத் தூளைக் கொண்டுவந்தது. இங்கேதான் அவர்களின் சாமர்த்தியம்! சர்ஃப் விலையைக் குறைக்கவில்லை. வேறு பெயரில் வந்தார்கள். உயர்ந்த பொருள் என்ற சர்ஃபின் பெயருக்குச் சேதாரமில்லை.

தெருவே பார்க்கும் பொருள்

இப்போது நானோவுக்கு வருவோம். மழையில் நனைந்தபடி ஒரே ஸ்கூட்டரில் போன குடும்பத்தைப் பார்த்ததுதான், ரத்தன் டாடா மனதில் இந்த எண்ணத்தை விதைத்தது. உயர்ந்த நோக்கம். பொறியாளர்களும் அசாத்தியமான வேலை பார்த்திருந்தார்கள். பின்பக்கம் எஞ்சின், ஒற்றை வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே போல்ட் என்று ஒவ்வொரு ரூபாயையும் மிச்சம் பிடித்தார்கள்.

2009-ல் முன்பதிவு தொடங்கியபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கார் ஏன் தேங்கியது?

காரணங்கள் பல. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் பிரச்னை வெடித்து, தொழிற்சாலையையே குஜராத்தின் சனந்துக்கு மாற்ற வேண்டியதானது. அதில் காலம் போயிற்று. சில கார்கள் தீப்பிடித்த செய்திகள் பயத்தைக் கிளப்பின. விலையும் ஏறியது. வருடத்துக்கு இரண்டரை லட்சம் கார் தயாரிக்கத் திட்டமிட்ட இடத்தில், உச்சகட்ட விற்பனையே சுமார் 75,000தான்.

இவற்றையெல்லாம் தாண்டி ஒரு காரணம் இருந்தது. 'உலகின் மிக மலிவான கார்' என்ற பட்டம்! நம் ஊரில் கார் என்பது வெறும் வாகனமா? வாசலில் கார் வந்து நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும். மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சை வைத்து, கோயிலுக்கு ஓட்டிப்போய், உறவினருக்கெல்லாம் இனிப்பு கொடுக்கிற விஷயம் அது. பல வருடச் சேமிப்பைக் கொட்டி வாங்கியவரிடம், 'ஓ, அந்த லட்ச ரூபாய் காரா?' என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் எப்படி இருக்கும்? கொஞ்சம் கூடுதலாகக் கடன் வாங்கி வேறு கார் எடுக்கலாம், இல்லையென்றால் நல்ல பழைய கார் பார்க்கலாம் என்றுதான் மனசு போகும்.

மலிவான கார் என்று சொல்லி விற்றது தவறு என்பதைப் பின்னாளில் ரத்தன் டாடாவே வெளிப்படையாகச் சொன்னார். இளைஞர்களுக்கான கார் என்று பிற்பாடு விளம்பரத்தை மாற்றினார்கள். 2015-ல் பின்கதவு திறக்கும் வசதி, ஆட்டோமேட்டிக் கியர் எல்லாம் சேர்த்துப் புது மாடல் விட்டார்கள். ஆனால், ஒட்டிய முத்திரை ஒட்டியதுதான்.

மாருதி என்ன செய்தது?

விலை குறைந்த கார் என்றாலே தோற்றுவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தார். விலை 50,000 ரூபாயை ஒட்டி இருந்தது. அதுவும் நடுத்தரக் குடும்பத்துக்கான சின்ன கார்தான். ஆனால், அம்பாசடரும் பத்மினியும் ஓடிய சாலையில், அது ஜப்பான் தொழில்நுட்பத்துடன் வந்த நவீன கார். மாருதி வாங்கியவர் 'பரவாயில்லையே, முன்னேறிட்டாரே' என்று பேர் வாங்கினார். நானோ வாங்கியவருக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஷாம்பு பாக்கெட்டைக் குளியலறையிலேயே கிழித்துப் போட்டுவிடுகிறோம். ஊர் பார்ப்பது கூந்தலை. சலவைத்தூள் துவைக்கும் கல்லோடு நின்றுவிடுகிறது. ஊர் பார்ப்பது வெள்ளைச் சட்டையை. காரில் அப்படி மறைக்க எதுவும் இல்லை. ஊர் பார்ப்பதே காரைத்தான். மாருதி அங்கே நவீனத்தைக் காட்டியது. நானோ, விலைச்சீட்டைக் காட்டியது.

உங்கள் தொழிலுக்கும் இது பொருந்தும்

வீட்டில் மாவு அரைத்து விற்பவர், ஆன்லைனில் சேலை விற்பவர், மெஸ் நடத்துபவர் என யாராக இருந்தாலும், போர்டு எழுதும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். 'ஏரியாவிலேயே மலிவான சேலை' என்று பதிவு போட்டால், அதை உடுத்திக் கல்யாணத்துக்குப் போகிறவர் எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்வாரா? அதே சேலையின் நெசவையும் நிறத்தையும் முதலில் சொல்லுங்கள். விலையைப் பார்க்கும்போது அவரே ஆச்சர்யப்படட்டும். குறைந்த விலையில் இன்னொரு ரகம் விற்க வேண்டுமென்றால், வீல் செய்ததுபோலத் தனிப் பெயர் வைத்துவிடலாம்.

காசு குறைவாக இருப்பது தவறில்லை; அதை நாலு பேருக்கு முன்னால் சொல்லிக்காட்டுவதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை. நானோவைப் பொறுத்தவரை, நஷ்டம் கம்பெனிக்கு மட்டுமல்ல. மழையில் நனைந்தபடி ஒரே வண்டியில் நான்கு பேராகப் போகும் குடும்பங்களை இன்றும் நம் சாலைகளில் பார்க்கிறோம். அவர்களை மனதில் வைத்து உருவான கார்தான், அவர்கள் வீட்டு வாசலுக்கு வராமலே போய்விட்டது.