லட்சத்தில் சம்பளம் வாங்கினால் கேஸ் போட முடியாதா?

திடீர்னு ஒரு மீட்டிங். பத்தே நிமிஷம். ‘நீங்களே ரிசைன் பண்ணிடுங்க’ என்கிறார் ஹெச்.ஆர். லேபர் ஆபீஸ் போகலாம்னா, ‘மாசம் ஒன்றரை லட்சம் வாங்குற உனக்கு அங்கே என்ன வேலை?’ என நண்பர்களே சிரிப்பார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1947-ம் வருட தொழில் தகராறு சட்டமும் சரி, அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் சரி, முதலில் கேட்பது ‘என்ன வேலை பார்த்தீங்க?’ என்பதைத்தான். கோடிங், டெஸ்ட்டிங் மாதிரி டெக்னிக்கல் வேலை என்றால் சம்பள உச்சவரம்பே கிடையாது. மேற்பார்வை வேலைக்கு மட்டும் மாதம் 18,000 ரூபாய் வரம்பு. நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு இந்த வழி இல்லை.

ஐ.டி கார்டில் ‘மேனேஜர்’ என்று இருக்கிறதா? பதறாதீங்க. பதவியின் பெயரை அல்ல, பிரதானமாகப் பார்த்த வேலையைத்தான் கோர்ட் கவனிக்கும். லீவு கொடுக்க, ஆள் எடுக்க உங்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பதெல்லாம் அங்கே கேள்வியாகும்.

அதனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பே ஸ்லிப், அப்ரைசல் பேப்பர்களைப் பத்திரப்படுத்துங்க. 2 வருஷத்துக்குள் சமரச அதிகாரியிடம் போயிடணும். முக்கியமா, ரிசைன் லெட்டரில் அவசரப்பட்டுக் கையெழுத்து போடாதீங்க. ‘நானா போகலை, அனுப்பினாங்க’ என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு!